ஆறாவது விரல்

லிசியின் பெயர் போனில் மின்னினாலே நஸ்ருல்லா பனிப்பெட்டியைத் தேடி எடுத்து வைப்பான். தில்லை நகர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அவள், நல்ல சேதி சொல்ல யாரையும் கூப்பிட்டதில்லை. அவள் பிழைப்பு அப்படி. மூளைச்சாவு என்று டாக்டர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கு வேலை ஆரம்பம். அவள் வேலை முடியும்போது, ஆராய்ச்சி லேபுக்கு உறுப்பு கேட்டு வாங்கும் நஸ்ருல்லாவுக்கு ஆரம்பம்.

அன்று காலை பத்தரை மணிக்கு அவள் புதுச்சாவு எதையும் சொல்லவில்லை.

"நஸ்ரு, போன வருஷம் மணப்பாறைப் பையன். சித்தார்த். பைக் ஆக்ஸிடெண்ட். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. காவிரிக்கரை அம்மா மண்டபத்துல முதல் தெவசம் குடுத்துட்டு நேரா எங்கிட்ட. பையனோட உறுப்பு யார் யாருக்குப் போச்சோ அவங்களுக்கெல்லாம் துணி எடுத்துட்டு வந்திருக்காங்க. ஊர், பேர் சொல்லக் கூடாது, ஆணா பொண்ணான்னு மட்டும் நான் அப்பவே சொல்லியிருந்தேன். மூணு வேட்டி, ரெண்டு சேலை. வாங்கி வச்சிட்டேன்."

"நல்லதுதானே."

"கண்ணு ரெண்டு, கிட்னி ரெண்டு, ஈரல் ஒண்ணு. அஞ்சு பேருக்கு அஞ்சு. அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உனக்குப் போன் பண்றேன்? ஆறாவது ஆளு யாருன்னு அந்தம்மா கேக்குது. மண்ணீரல் வாங்கிக்கிட்ட ஆளு. வேட்டி ஒண்ணு, சேலை ஒண்ணு, ரெண்டையும் கையில வச்சிருக்கு. எதுன்னு சொன்னா அதக் குடுத்துட்டு, மத்ததக் கடையில மாத்திக்குமாம்." லிசி குரலைத் தாழ்த்தினாள். "நீ என்னடா சொல்லி வாங்கின?"

நஸ்ருல்லா போனை மறு காதுக்கு மாற்றினான். லிசியே தொடர்ந்தாள்.

"அது என் கையில இல்லம்மா, ஸ்ரீரங்கத்துல லேப் இருக்கு, அங்க அவரக் கேளுங்கன்னு அனுப்பிட்டேன். ஆட்டோ ஏறியாச்சு. பாலத்துல டிராபிக் இருந்தா உனக்கு அரை மணி நேரம். இல்லாட்டி அதுவும் இல்ல."

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், கீழே பாத்திரக் கடை இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடிதான் லேப். அங்கே ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஊருக்கு வரைபடம் இல்லை. மனுஷ உடம்பின் காவல் உறுப்புகளுக்கு. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்தக் கணுக்கள், தொண்டைச் சதை, இடது விலாவுக்குக் கீழே ஒளிந்திருக்கும் மண்ணீரல். நோயோடு சண்டை போடும் செல்கள் கூடுகிற இடங்கள் இவை. அவற்றில் எந்தச் செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் அண்டை வீட்டுக்காரன் யார் என்று ஒன்று விடாமல் குறிக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, நாற்பது வகை மருந்துகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு வகைச் செல்லையும் ஒவ்வொரு நிறத்தில் மினுக்க வைத்துப் படமெடுப்பார்கள்.

இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க நஸ்ருல்லா ஒரு கதை வைத்திருந்தான். அவன் அத்தா சமயபுரம் ஆட்டுச் சந்தையில் முப்பது வருஷம் தரகராகக் குரல் கொடுத்தவர். எதையும் சந்தையாக்கிச் சொன்னால்தான் அவனுக்கே புரியும். "காந்தி மார்க்கெட்டுக்கு வெளிய நின்னு பாருங்க, ஒரே இரைச்சல். உள்ள போனா வெங்காயத்துக்கு ஒரு வரிசை, வாழைக்காய்க்கு ஒரு வரிசை, கருவேப்பிலைக்காரம்மா எப்பவும் அதே தூண் ஓரம். மண்ணீரலும் அப்படித்தான். நோய் வர்றப்ப எந்த வரிசை மொதல்ல கலையுதுன்னு கண்டுபிடிக்கணும்னா, கலையாத மார்க்கெட் எப்படி இருக்கும்னு மொதல்ல வரைஞ்சு வைக்கணும்ல?"

கதை நல்ல கதைதான். சரக்குதான் கிடைக்காது. நோயாளி மண்ணீரல் வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கிடைக்கும். நல்ல மண்ணீரல் வைத்திருப்பவன் அதை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் திடீரென்று சாக வேண்டும். சொந்தக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அறுத்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பனிப்பெட்டியில் ஸ்ரீரங்கம் வந்து சேர வேண்டும். மூன்று வருஷத்தில் வந்தது இருபத்து மூன்று. அதில் பதினேழாவதுதான் பொன். இருபத்திரண்டு வயது, பீடி சிகரெட் கிடையாது, நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. லேபை நடத்தும் டாக்டர் சம்ரீன் மற்ற இருபத்திரண்டையும் அந்தப் பதினேழோடு வைத்துத்தான் அளந்தாள். பெயர் சொல்லக் கூடாது என்பதால் எல்லோருக்கும் அது "பதினேழு". நஸ்ருல்லாவுக்கு மட்டும் அது நல்லுசாமி மகன் சித்தார்த்.

நல்லுசாமி மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்.

போன வருஷம் இதே திதி, மத்தியானம் ஒன்றரை மணி. ஐ.சி.யூ. வராந்தாவில் பெஞ்சு கொள்ளாமல் சொந்தபந்தம். நடுவில் அம்மா அழகம்மாள், அழுது முடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிசி கேட்டதற்கெல்லாம் நல்லுசாமி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று மணிக்கு ஆபரேஷன். அதற்குள் நஸ்ருல்லா தன் படிவத்தோடு போய் நின்றான்.

நல்லுசாமி அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். "பாய், எதுவா இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாதீங்க. அவ காதுல விழுந்தா தாங்க மாட்டா. கையக் குடுங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார்.

நஸ்ருல்லாவுக்கு இது புதுசு இல்லை. சந்தையில் நாலு பேர் நடுவில் விலை பேசும் முறை அது. துண்டுக்குக் கீழே ஒருவன் கை இன்னொருவன் விரலைப் பிடிக்கும். எத்தனை விரல் என்பது அந்த இருவருக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். கடைசியில் முழுக் கையையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவன் சந்தைக்குள் கால் வைக்க முடியாது.

நல்லுசாமி தன் ஐந்து விரலையும் அவன் கையில் விரித்தார். "அந்த லிசிப் புள்ள கேட்டது அஞ்சு. குடுத்தாச்சு. கையில வேற விரல் இல்ல. நீங்க ஆறாவது கேக்குறீங்க."

"மண்ணீரல்ங்க ஐயா. அதோட ரெண்டு மூணு சின்னக் கணு." நஸ்ருல்லா முணுமுணுத்தான். "ஆராய்ச்சிக்கு."

"இதுவும் ஒருத்தருக்குத்தானே போகுது? ஒரு உசுரு பொழைக்கும்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் படிவத்திலேயே அச்சடித்திருந்தது. இதனால் யாரும் பிழைக்கப் போவதில்லை. அதை அவன் அந்த வருஷம் மட்டும் பதினோரு குடும்பத்திடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். ஏழு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எவன் உயிரையும் காப்பாற்றாத ஒன்றுக்காகப் பிள்ளையை இன்னொரு வெட்டு வெட்டுவானேன் என்றார்கள். நியாயம்தான். நேரம் ஒன்று ஐம்பது. கீழே வண்டியில் பனிப்பெட்டி.

நஸ்ருல்லா துண்டுக்குள் அவர் கையை ஓர் அழுத்து அழுத்தினான்.

நல்லுசாமி படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பேரம் முடிந்த பிறகு ரசீதை யார் படிக்கிறார்கள்?

இதையெல்லாம் இப்போது சம்ரீனிடம் சொல்லி முடிக்க நஸ்ருல்லாவுக்கு மூன்று நிமிஷம் போதுமாயிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கையெழுத்து இருக்கு மேடம்," என்றான் அவன்.

"கையெழுத்து இருக்கு. சம்மதம் இல்ல."

"அந்த நேரத்துல..."

"எல்லாருக்கும் அந்த நேரம்தான் நஸ்ருல்லா. நம்ம போறதே அந்த நேரத்துக்குத்தான்." அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "உண்மையச் சொல்லுங்க. வேணாம்னு சொன்னா எல்லாத்தையும் எடுத்துடணும். உறைய வச்சது, சீவினது, படம், கணக்கு எல்லாம்."

"பதினேழு போனா படத்துல பாதி போயிடும்."

"தெரியும்."

படி ஏறும் சத்தம் கேட்டது. நல்லுசாமி ஒரு வருஷத்தில் பத்து வயது மூத்திருந்தார்; மொட்டைத் தலையில் இன்னும் சந்தனம் காயவில்லை. பிள்ளைக்கு அப்பன் திதி கொடுத்துவிட்டு வருகிற முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அழகம்மாள் கையில் ஜவுளிக்கடைப் பை. மாடி ஏறிய இளைப்போடு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"நல்லாயிருக்கீங்களா தம்பி? உங்களத்தான் ஒழுங்காப் பார்க்கக்கூட இல்ல அன்னிக்கு." சுற்றிலும் பார்த்தாள். "ஆஸ்பத்திரி வாசமே இல்லையே இங்க."

"இது ஆபீஸ் மாதிரிம்மா. தண்ணி குடிங்க." நஸ்ருல்லா நல்லுசாமியைப் பார்த்தான். "ஐயா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க. ஒரு பேப்பர் பார்க்கணும்."

"நான் வேணாமா?" என்றாள் அழகம்மாள்.

"நீ இரு. பேப்பர்னு சொல்றாங்கல்ல," என்றார் நல்லுசாமி.

உள்ளறையில் சம்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நஸ்ருல்லா நின்றபடியே சொன்னான். சந்தைக் கதை எதுவும் சேர்க்கவில்லை. ஆறாவது ஆள் என்று யாரும் இல்லை, மண்ணீரல் யாருக்கும் வைக்கப்படவில்லை, அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் கையை அழுத்தினேன்.

நல்லுசாமி அவனுக்கு நேராகத் திரும்பினார்.

"பல்ல அரத்தால தேச்சுக் கிழட்டு மாட்ட இளசுன்னு வித்திருக்கேன் பாய். மலட்டு மாட்டச் சினைன்னு தள்ளிவிட்டிருக்கேன். துண்டுக்குள்ள ஒரு நாளும் என் கை நடுங்கினதில்ல. அன்னிக்கு உங்க கை நடுங்குச்சு. அடடே, யார் வீட்டுப் பிள்ளைக்கோ இந்த மனுஷன் இப்படி நடுங்குறாரேன்னு நெனச்சேன்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே பல்லத் தேச்சுக் காட்டிட்டீங்க."

"தப்புதாங்க ஐயா."

"தப்பு இல்லன்னு யாரு சொன்னா?" அவர் சம்ரீன் பக்கம் திரும்பினார். "மிச்சம் மீதி இருக்கா? பார்க்கலாமா?"

சம்ரீன் தயங்கினாள். பிறகு திரையைத் திருப்பினாள். இருட்டில் ஆயிரம் ஆயிரமாய்ப் புள்ளிகள். சிவப்புக் காட்டுக்குள்ளே நீல வட்டங்கள், வட்டத்தைச் சுற்றிப் பச்சை வரப்பு, வரப்பில் அங்கங்கே மஞ்சள்.

"இதுல அவன் எங்க இருக்கான்?"

"எல்லாமே அவர்தாங்க."

"உசுரு இருக்கா?"

"இல்லைங்க."

"வளருமா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

சம்ரீன் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு, சும்மா இருக்க முடியாதவள்போல், பச்சை வரப்பின் ஓரத்தைக் காட்டினாள். "வந்த காய்ச்சல், போட்ட ஊசி, எல்லாத்தையும் மறக்காம வச்சிருக்கிற செல் சிலது இங்கதான் இருக்கும். சின்ன வயசுல வந்ததுகூட."

"ஆறு வயசுல அம்மை போட்டுச்சு. வேப்பிலைய அரைச்சு அரைச்சு அவ கை பச்சையாயிடுச்சு." அவர் திரைக்கு மிக அருகே குனிந்தார். "அது எது?"

"எதுன்னு இன்னும் எங்களுக்குத் தெரியாதுங்க. அதுக்குத்தான் இதெல்லாம்."

சம்ரீன் மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று, விவரம் தெரிந்து சம்மதிக்கிறேன் என்பது. மற்றது, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்பது. "எதுல போட்டாலும் சரிதாங்க. எதுலயும் போடாம வீட்டுக்குப் போய் யோசிச்சாலும் சரி."

நல்லுசாமி தாள்களைத் தொடவில்லை. நஸ்ருல்லாவைப் பார்த்துத் தலையால் பின்பக்க வராந்தாவைக் காட்டினார். வெளியே, தண்ணீர்த் தொட்டிக் குழாய்களுக்குப் பக்கத்தில், தோளிலிருந்து துண்டை உருவினார்.

"ஐயா, வேண்டாங்க."

"கையக் குடுங்கறேன்."

துண்டுக்குக் கீழே அவர் கை காய்ந்த கயிறு மாதிரி இருந்தது.

"அவ ராத்திரி எப்படித் தூங்குறான்னு தெரியுமா பாய்? எண்ணுவா. கண்ணு ரெண்டு பேரு, கிட்னி ரெண்டு பேரு, ஈரல் ஒருத்தி. எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்களா, தூங்கியிருப்பாங்களான்னு. ஆறாவது யாருன்னு யாரும் சொல்லல பாருங்க, அதனால அதத்தான் ரொம்ப நெனப்பா. காலேஜ் போற பொண்ணுன்னு அவளே முடிவு பண்ணி வச்சிருக்கா. வேட்டி சும்மா ஒப்புக்கு எடுத்தது. சேலைக்கு மட்டும் நாலு கடை ஏறி இறங்கினா."

பேச்சு எங்கே போகிறது என்று நஸ்ருல்லாவுக்குப் புரிந்துவிட்டது. பேரம் தெரிந்தவனுக்கு அதுதான் கஷ்டம். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே காது கேட்டுவிடும்.

"ஒரு மூட்டையில ஒரு வெங்காயம் அழுகல்னா வாங்குறவன் என்ன செய்வான்? மூட்டையையே கொட்டிப் பார்ப்பான். ஆறாவது இல்லன்னு தெரிஞ்சா, அஞ்சும் பொய்யோன்னு நெனப்பா. அப்புறம் அவ தூங்க மாட்டா. எனக்கு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான்." அவர் விரல் இறுகியது. "நீங்க போய்ச் சொல்லுங்க. பொண்ணுதான்னு. நான் சொன்னா நம்ப மாட்டா, என் தொழில் அவளுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. நான் உள்ள போய் அந்த டாக்டரம்மா பேப்பர்ல போட்டுக் குடுக்கறேன். படிச்சுப் பார்த்தே போடறேன்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா..."

"அதுக்குத்தானே துண்டு."

கீழே ஏதோ ரயில் வந்து நின்றது. காப்பி விற்கிறவனின் குரல் மாடிவரை வந்தது. சற்று முன்பு உண்மையைச் சொன்னபோது நஸ்ருல்லாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நிஜம். அது இறங்கி முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. முடியாது என்று கையை உருவிக்கொள்ளலாம். அந்த அம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லலாம். இல்லாவிட்டால் இந்த மனுஷன் மற்றத் தாளில் போடுவார். போடுவாரா? அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. தரகர் முகம்.

முதலில் அழுத்தியது யார் கை என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை.

நல்லுசாமி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். நஸ்ருல்லா முன்னறைக்கு வந்தான்.

"பொண்ணுதாம்மா," என்றான்.

அழகம்மாள் பையிலிருந்து வேட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். கரும்பச்சைச் சுங்குடி.

"எனக்குத் தெரியும். என்ன வயசு தம்பி?"

"இருபது."

"இப்ப நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கும்மா."

"எந்த ஊருன்னு கேக்கக் கூடாதுல்ல? சரி, சரி. சட்டம்." சேலையை அவன் கையில் கொடுத்தாள், கொடுத்த பிறகும் விடாமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மொதத் தடவ தனியாத் துவைக்கச் சொல்லுங்க, சாயம் போகும். கல்லுப்புப் போட்டு ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். சின்னப் பொண்ணு, அதுக்கு இதெல்லாம் தெரியாது. மறக்காம சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேம்மா."

"அப்படியே ஜாக்கெட் அளவு மட்டும் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த வருஷம் தைச்சே கொண்டாந்துடறேன். அதுக்கடுத்த வருஷம் கல்யாணம் கில்யாணம் ஆச்சுன்னாலும் சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். வாங்கிய சரக்குக்கு வருஷா வருஷம் தவணை கட்ட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நல்லுசாமி வெளியே வந்தார். மனைவியைப் பார்த்து, "என்ன?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"பொண்ணு. நான் சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு." நஸ்ருல்லாவிடம் அவர் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர்கள் படி இறங்கியதும் சம்ரீன் தாளோடு வந்தாள். சம்மதத் தாள்தான், கோணல் மாணலாக முழுப் பெயர், தேதி, எல்லாம். "முழுசும் படிச்சார். ரெண்டு இடத்துல அர்த்தம் கேட்டார்," என்றாள். அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. பதினேழு தங்கியதில் ஒரு நிம்மதி மூச்சும் இருந்தது. அப்புறம் அவன் கையைப் பார்த்தாள். "அது என்ன?"

"மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க மேடம்."

"அப்ப ஓடுங்க. குடுத்துட்டு வாங்க."

அவன் ஓடினான். ஓடுகிற மாதிரி மாடியை இறங்கி, பாத்திரக் கடை வாசலில் அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் நின்றான். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற இருவரும் அவனைப் பார்க்கவில்லை. அழகம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வலது கையைத் தரையிலிருந்து உயர்த்தித் தன் தோள் மட்டத்தில் வைத்தாள். யோசித்து இன்னும் இரண்டு விரற்கடை ஏற்றினாள். நல்லுசாமி அந்தக் கையை, கன்றின் உயரம் பார்க்கிறவரைப்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இருப்பா, அவ்வளவு உயரம் இருப்பா என்று தலையாட்டினார்.